குறி தவறிய குண்டு: கொரியத் திரைப்படமொன்றின் அழுகைச் சுவை

அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு நான்கு நிலைக்களன் வகுத்தார் தொல்காப்பியர். பிறரால் இகழப்படும் இளிவு, உற்றாரையும் உடைமையையும் பறிகொடுக்கும் இழவு, பண்டை நிலை கெட்டு வருந்தும் அசைவு, நுகர்தற்கு ஒன்றுமில்லாத வறுமை என்பன அவை. இந்நான்கும் ஒரு குடியின்கண் ஒருங்கே கூடுதலைக் காட்டும் திரைப்படம் ஒன்று கொரிய நாட்டில் உண்டு. 1961 இல் யூ ஹியொன்மொக் நெறிப்படுத்திய 'ஓபல்தான்' என்பதே அது. 'குறி தவறிய குண்டு' என்பது அப்பெயரின் பொருள். 2020 இல் 'பாரசைற்' ஒஸ்கார் பரிசு பெற்றபின் கொரியப் படங்களை நாடுவோர் பலராயினர். அவருள் இப்பழம் படத்தை அறிந்தோர் சிலரே.

யீ பொம்சொன் எழுதிய சிறுகதையொன்றைத் தழுவியது இப்படம். 1953 இல் கொரியப் போர் ஓய்ந்தபின், வடபுலத்திலிருந்து பெயர்ந்து வந்த குடும்பமொன்று சியோல் நகரின் குடிசைப் பகுதியில் வாழ்கின்றது. 'விடுதலையூர்' என்பது அவ்விடத்தின் பெயர். அங்கு வாழ்வோர்க்கோ விடுதலை இல்லை. சித்தங் கலங்கிய தாய், "போவோம்! போவோம்!" எனப் படுக்கையிற் கிடந்தவாறே கூவுகின்றாள். அவள் மீள விரும்பும் ஊருக்கு வழி அடைபட்டுவிட்டது. இஃது அசைவு. தங்கை அந்நியப் படைவீரர்பாற் சென்று உடலை விற்கின்றாள். இஃது இளிவு. போரிற் காயமுற்று மீண்ட தம்பிக்குத் தொழிலில்லை. அவன் வடுவைத் திரையிற் காட்டிப் பொருளீட்ட விழையும் படத்தொழிலாளரை வெகுண்டு நீங்கியவன், ஈற்றில் வங்கியைக் கொள்ளையிட்டுப் பிடிபடுகின்றான்.

தம்பியின் கொள்ளையே படத்தின் உச்சமெனச் சிலர் கருதக்கூடும். அது பொருந்தாது. படத்தின் உயிர்நிலை தமையன் சோல்ஹோவின் பல்வலியிலேயே உளது. எழுதுவினைஞனாகிய அவன், குடும்பச் செலவை எண்ணிப் பல் மருத்துவரிடம் செல்லாது நோவைப் பொறுக்கின்றான். வறுமையை உரையாடலால் விளக்காது, கன்னத்தில் வைத்த கையொன்றினாற் புலப்படுத்தியமை நெறியாளரின் திறன். மனைவி மகப்பேற்றில் இறந்தபின்னரே, இழவு முற்றிய அந்நாளிலேயே, அவன் பற்களைப் பிடுங்குவிக்கின்றான். தன்பொருட்டுச் செலவிடத் துணிந்தபோது, காத்தற்கு உரியது கைவிட்டுப் போயிற்று.

குருதி வழியும் வாயோடு வாடகைக் காரில் ஏறியவன், விடுதலையூருக்கு என்கின்றான், மருத்துவமனைக்கு என்கின்றான், காவல் நிலையத்துக்கு என்கின்றான். குறி தவறிய குண்டு போன்றவன் எனச் சாரதி சலித்துக்கொள்கின்றான். ஆயின், அக்கூற்று உண்மையன்று என்பதே படத்தின் உட்பொருள். வீட்டிலே தாய், மருத்துவமனையிலே மனைவி, காவலிலே தம்பி. அவன் சொன்ன ஒவ்வோரிடமும் ஒரு கடமை. குறியின்மையால் அன்று, குறிகள் பலவாகி ஒருங்கே ஈர்த்தமையாலேயே அவன் அலமருகின்றான். அறவழி நின்றவனை அவ்வறமே பிளத்தல் எத்துணைக் கொடிது!

கிளைக்கதைகள் சில மிகையாய் நிற்றல் ஒரு குறையே. எனினும், அது பேரழகைச் சிதைப்பதன்று. 1961 மே மாதத்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் இப்படம் தடைப்பட்டது. தாயின் கூக்குரல் வடக்கே செல்ல விடுக்கும் அழைப்பென ஐயுறப்பட்டதாகக் கூறுவர். பின்னர் 1963 இல் சான் பிரான்சிஸ்கோ விழாவிற் காட்டப்பெற்றது. நோயுற்ற முதியாள் ஒருத்தியின் புலம்பலுக்கு ஓர் அரசு அஞ்சிற்றெனின், அக்கலையின் ஆற்றலுக்கு வேறு சான்று வேண்டா.