அருமபுரியில் இல்லாத ஆபீஸ்

வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம் (2023) பற்றிப் பேசுறவங்க எல்லாரும் முகாமில் நடக்கிற சித்திரவதையில்தான் நிற்கிறாங்க. எனக்கு அந்தப் படத்தில் உறைத்தது மன்னிப்பு விவகாரம்தான். அடிபட்ட பெண்ணைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றியதற்காக டிரைவர் குமரேசன் மேலதிகாரியிடம் மன்னிப்பு கேட்கணும். தப்பே செய்யாதப்ப ஏன் கேட்கணும்னு அவர் நிற்கிறார். அவ்வளவுதான், வேலையில் அவருக்கு நரகம். அருமபுரி என்ற கற்பனை ஊரில் காவல்துறை எப்படி இயங்குதுன்னு அந்த ஒரு சண்டையே சொல்லிடுது. உத்தரவு தலைமைச் செயலாளர், டி.எஸ்.பி., ஓ.சி.னு படிப்படியா இறங்கி வரும். அடியில் இருக்கிறவன் வாய் திறந்தா அது ஒழுங்கீனம். சுரங்கக் கம்பெனியின் பேச்சோ மேல்மட்டத்தோடு மட்டும்.

இது வரைக்கும் சரி. ஆனா அந்த மலையில் அரசாங்கம்னா போலீஸ் மட்டும்தான். படத்தின் குறை அங்கேதான்னு நினைக்கிறேன்.

சுங்குவார்சத்திரத்தைப் பாருங்க. 2024 செப்டம்பர் 9-ல் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரம் பேருக்கு மேல் வேலைநிறுத்தம் தொடங்கினாங்க. முக்கியக் கோரிக்கை சங்க அங்கீகாரம். செப்டம்பர் 16-ல் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போகத் திட்டம். கிளம்பும் முன்னாடியே நூறு பேர் வரை போலீஸ் பிடியில். அக்டோபரில் கைதுகள், பந்தல் பிரிப்பு. எல்லாமே மணிக்கணக்கில் முடிஞ்ச வேலைகள். அதே அரசின் தொழிலாளர் துறையில் சங்கப் பதிவு விண்ணப்பம் போராட்டத்துக்கு முன்னாடியிருந்தே காத்துக் கிடந்தது. உயர்நீதிமன்றம் கெடு வைத்த பிறகு, 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. போராட்டம் முடிஞ்சே மூணு மாசம் ஆகியிருந்தது.

1926-ஆம் வருடத் தொழிற்சங்கச் சட்டமும் அப்போ சட்டமாத்தானே இருந்தது? அதை அமல்படுத்துறதும் சட்ட அமலாக்கமாத்தானே இருந்தது? நம்ம ஊர்ப் பேச்சில் மட்டும் 'சட்டம் ஒழுங்கு'ன்னா காக்கி. பதிவாளர் மேஜையில் ஃபைல் தூங்கினா அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஆகாது. தொழிலாளி ரோட்டில் உட்கார்ந்தா உடனே ஆகிடும். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடம்பு முடியாமப் போன ஃபாக்ஸ்கான் பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தப்பவும் இதுதான் நடந்தது. விடுதியும் சமையலறையும் அரசின் கண்ணில் பட்டது மறியலுக்கு அப்புறம்தான்.

இரண்டாம் பாகத்தில் சர்க்கரை ஆலைச் சங்கம் வருதேன்னு கேட்கலாம். வருது. ஆனா படம் அங்கேயும் பெருமாள் வாத்தியாரின் வாழ்க்கை பின்னாடியே போகுது. ஃபைல் எந்த மேஜையில் நிற்குதுங்கிற கேள்வி அதுக்குச் சுவாரசியமா படலை. கொடூரமான அதிகாரியைக் காட்டினா பார்க்கிறவனுக்குக் கோபம் வரும், கையெழுத்து போடாத அதிகாரியை எப்படிக் காட்டுறது? கேமரா வைக்கக் கஷ்டமான இடம்தான். ஆனா இந்த வட்டாரத்துத் தொழிலாளிக்கு லத்திக்கு முன்னாடி வந்தது அந்த வெத்து மேஜை.