படுக்கை விரிப்பில் பிறந்த விழா

தன்பாலின ஈர்ப்புடையோரின் வாழ்வைச் சித்திரிக்கும் படங்களுக்கென்று இன்று உலகில் நடந்துவரும் விழாக்களுள் மூத்தது என்ற கீர்த்தி ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்து ஃபிரேம்லைன் விழாவுக்கு உண்டு. ஆயினும், 1977 பிப்ரவரியில் பேஜ் தெருவிலிருந்த ஒரு சமூக நிலையத்தில், சுவரில் அறைந்த படுக்கை விரிப்பே வெண்திரையாக, வீட்டு விசேஷங்களைப் படம்பிடிக்கும் சூப்பர்-8 சுருள்களை வைத்துக்கொண்டு அது ஆரம்பமாயிற்று என்றால் பலர் நம்பமாட்டார்கள். அந்தச் சுருள் ஒன்றின் நீளம் 50 அடி. ஓடும் நேரம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல். அதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற நிர்ப்பந்தமே இவ்விழாவின் ரசனைக்கு அஸ்திவாரம் இட்டது என்பது என் கட்சி. சுருள்களில் பலவற்றைக் கழுவக் கொடுத்த இடம் காஸ்ட்ரோ தெருவில் ஹார்வி மில்க் நடத்திவந்த காமிராக் கடை.

சிறு வடிவத்தின் மகிமைக்கு, இத்தகைய படங்களை எடுப்போரின் முன்னோடியான பார்பரா ஹாம்மர் 1974-இல் எடுத்த 'டைக்டாக்டிக்ஸ்' ஒன்றே போதும். நான்கே நிமிஷம், கதை என்று ஒன்றும் இல்லை. புல்லையும் நீரையும் தோலையும் தீண்டும் கைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படர்ந்து மறைய, பார்க்கிறோமா தொடுகிறோமா என்று பிரித்துச் சொல்ல இயலாத மயக்கம் உண்டாகிறது.

விழா வளர்ந்து குடியேறிய காஸ்ட்ரோ தியேட்டர் 1922-இல் டிமதி ஃபுளூகர் என்ற கட்டடக் கலைஞர் நிர்மாணித்தது. படம் தொடங்குமுன் ஆர்கன் வாத்தியக்காரர் வாசிக்க, ஊரின் பெயரையே பல்லவியாகக் கொண்ட பழைய பாட்டு வந்ததும், சபை முழுவதும் தாளம் போடுவது வழக்கமாக இருந்தது. அந்தச் சபையோடு உட்கார்ந்து பார்க்கவேண்டிய படம் ராப் எப்ஸ்டைனின் 'தி டைம்ஸ் ஆஃப் ஹார்வி மில்க்' (1984). ஆஸ்கார் பரிசு பெற்றது என்பதைவிட, அப்போது நகர சபை உறுப்பினராயிருந்த மில்க்கும் நகர மேயர் மோஸ்கோனியும் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டு, முடிவு தெரிந்த பின்னும் நம்மை இருக்கையைவிட்டு எழவிடாத அதன் கட்டுக்கோப்பே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1978 நவம்பர் 27 இரவு, காஸ்ட்ரோவிலிருந்து நகர மன்றம் வரை மெழுகுவத்தி ஏந்திச் சென்ற ஜனசமுத்திரத்தை எப்ஸ்டைன் அவசரமின்றி நீளவிடுகிறார். அந்தத் தெருவிலேயே நின்றவர்கள் பக்கத்து இருக்கையில் இருக்கக்கூடும் என்ற நினைப்பு வேறெந்த ஊர் அரங்கிலும் கிட்டாது.

மார்லன் ரிக்ஸின் 'டங்ஸ் அன்டைட்' (1989) அதற்கு நேர்மாறானது. கறுப்பினத்தவராகவும் தன்பாலின ஈர்ப்புடையவராகவும் இருப்பவரின் இரட்டைப் புறக்கணிப்பை, வீடியோவில், ஐம்பத்தைந்து நிமிஷத்தில், எஸெக்ஸ் ஹெம்ஃபில் முதலியோரின் கவிதைகளையும் இதயத் துடிப்பையும் கோத்து ஒரு கச்சேரியாகவே அமைத்துவிட்டார். நடுவே விரல் சொடுக்குவதற்கு ஒரு பாடம் வருகிறது: எந்தச் சொடுக்கு அலட்சியம், எது எதிராளியின் வாயை அடைப்பது என்று சாஸ்திரோக்தமாக! சிரித்து ஓய்வதற்குள் துக்கம் வந்து சேர்ந்துவிடும். 1991-இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் இது ஒளிபரப்பானபோது எழுந்த கூச்சல் நாடறியும்.

கூச்சல் வெளியார் மட்டுமே போடுவது என்று எண்ணிவிடலாகாது. 1986 விழாவில் மிடி ஓனோடேராவின் 'டென் ஸென்ட்ஸ் எ டான்ஸ்' திரையிடப்பட்டபோது, பெண்களுக்கான நிகழ்ச்சியில் ஆண்களின் சல்லாபமும் பிறகு ஓர் ஆணும் பெண்ணும் தொலைபேசியில் குலாவுவதும் வரக் கண்டு, சபையிலிருந்த பெண்களில் பலர் சினந்து எழுந்தார்கள். அவர்கள் கோபத்துக்கு நியாயம் இல்லாமலில்லை; பெண்களின் படங்களுக்கு விழாவில் இடம் குறைவு என்ற மனத்தாங்கல் அப்போதே இருந்தது. ஆனால் திரையை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு காட்சியிலும் வரும் இருவரையும் தனித்தனிச் சட்டத்துக்குள் வைத்த ஓனோடேராவின் உபாயம், நெருங்கத் தவிப்போருக்கு இடையிலுள்ள தூரத்தைக் கண்ணால் அளக்கச் செய்வது. இவ்வளவு சிக்கனமான கைவண்ணம் நீண்ட படங்களில் அபூர்வம்.

தொடக்க நாளன்று பெரிய கம்பெனிகளின் படங்களும் இப்போது வந்து இறங்குகின்றன. மெருகு குறையாதவை, காதலும் பிரிவும் அளவாக உள்ளவை. அவற்றை ஊர் திரும்பிய பிறகும் பார்த்துக்கொள்ளலாம். 'ஃபன் இன் ஷார்ட்ஸ்' என்ற குறும்படத் தொகுப்புக்கு மட்டும் சற்று முன்னதாகவே போய் வரிசையில் நின்றுகொள்வது உத்தமம்.