நத்தத்தனார் சொன்ன வழி

பார்க்கத் தகுந்த இயற்கைக் காட்சிகளைப்பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளைப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. எந்த மாதம் போகலாம், என்னென்ன பறவை வரும் என்று ஒரு ஜாபிதா. நடுவே 'கண்கொள்ளாக் காட்சி' என்று ஒரு வாக்கியம். மனித வாடையே இராது. எங்கள் விழுப்புரம், திண்டிவனம் சீமைக்கு இவற்றைவிட நல்ல வழிகாட்டி சங்க காலத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. சிறுபாணாற்றுப்படையைத்தான் சொல்கிறேன்.

பெயரைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மொத்தம் 269 அடிகள். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், எதிரே வருகிற ஏழைப் பாணனுக்கு வழி சொல்கிறான், விஷயம் அவ்வளவுதான். போய்ச் சேர வேண்டிய இடம் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனுடைய கிடங்கில். இன்று அது திண்டிவனத்தோடு சேர்ந்துவிட்டது. பாடிய நத்தத்தனாரும் அயலூர்க்காரரல்ல, இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர்.

முதலில் கடற்கரை எயிற்பட்டினம். இதுதான் மரக்காணம் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். பிறகு முல்லை நிலத்து வேலூர்; அதன் பிறகு வயல் சூழ்ந்த ஆமூர். நிலம் மாறும்போதெல்லாம் இலையில் விழுவதும் மாறுகிறது. கடற்கரையில் சுட்ட கருவாடு, வேலூரில் காட்டுப்பசுவின் இறைச்சியோடு புளிச்சோறு, ஆமூரில் வெள்ளைச் சோறும் நண்டும். ஒரு நிலத்தை அங்கே வாழ்கிறவர்களின் அடுப்பைக் கொண்டு அடையாளம் காட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது கதை எழுதிக் கைசலித்தவர்களுக்குத் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. தாழை அன்னம்போல, செருந்தி பொன்போல, புன்னை முத்துப்போல என்று கடற்கரைப் பூக்களையெல்லாம் அடுக்கும்போது நகைக்கடைக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருக்கிறது. இது வழக்கமான புலவர் சரக்கு. அலை கொண்டுவந்து தள்ளிய வாசனைக் கட்டை, படுத்துறங்கும் ஒட்டகம்போலக் கிடந்தது என்று உடனேயே ஒரு போடு போடுகிறாரே, அதற்காக முன்னதை மன்னித்துவிடலாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆமூர் மீன்கொத்தியைப்பற்றி. குட்டையான காஞ்சிமரக் கிளையில் உட்கார்ந்து, ஆழமான மடுவையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறகு பாய்ந்து மீனை எடுக்கிறது. அதன் நகம் கிழித்த தழும்பு தாமரை இலையில் கிடக்கிறது. அந்தத் தழும்பை நிகண்டிலிருந்து எடுத்திருக்க முடியாது. மனுஷர் கரையில் உட்கார்ந்திருக்கிறார்!

நாம் உட்காருவதில்லை. என் நாவல் ஒன்றில் ஏரிக்கரை வருகிறது; காதலர் பிரிகிற இடம். 'பெயர் தெரியாத பறவைகள் கூவின' என்று எழுதிவைத்தேன். பெயர் தெரியாதது கதாநாயகனுக்கு அல்ல, எனக்கு. நம் நாவல்களில் இயற்கை பெரும்பாலும் நாடகக் கம்பெனிப் படுதாதான். காட்சி முடிந்ததும் சுருட்டிவிடலாம்.

முகையூரிலிருந்து விழுப்புரம், திண்டிவனம் என்று பஸ் மாறிப் போனால் மரக்காணம். அதன் பக்கத்தில் கழுவெளி. மழைத் தண்ணீரும் கடலின் உப்புத் தண்ணீரும் கலக்கிற பெரிய சதுப்பு. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. நல்ல காரியம், இறால் பண்ணைகளும் ஆக்கிரமிப்பும் ஓரங்களை அரித்துவந்த இடம் அது. ஆனால் அதைப்பற்றி நான் படித்த கட்டுரைகளில் பூநாரை இருக்கிறது, கூழைக்கடா இருக்கிறது. உப்பளத்தில் வெறுங்காலோடு நிற்கிறவரும் வலை வீசுகிறவரும் இல்லை. நத்தத்தனாராக இருந்தால் அவர்கள் வீட்டில் என்ன சமையல் என்று கேட்டிருப்பார்.

போன தை மாதம் நானும் போனேன். திரும்பும்போது சாலையோரக் குட்டை ஒன்றில், கருவேலங்கிளைமேல் ஒரு மீன்கொத்தி. தண்ணீரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தது. நின்று பார்த்தேன். கால்மணி நேரம் இருக்கும். அது பாய்வதற்குள் திண்டிவனம் பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டேன்.