பாஸ் லினக்ஸ்: தொடக்கநிலைப் பயனர் நோக்கில் ஒரு மதிப்பீடு

பாஸ் (பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்) என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய லினக்ஸ் இயங்குதளம். டெபியனை அடிப்படையாகக் கொண்ட இதன் முதல் பதிப்பு 2007இல் வெளிவந்தது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாசும் நிறுவி வழங்கப்பட்டது. ஆயினும் மாணவர் கைக்கு வந்த அளவுக்கு அது பழக்கத்துக்கு வரவில்லை. இதற்கான காரணங்களையும் செய்யத்தக்க மாற்றங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இன்று ஏன் இக்கேள்வி

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 நிறுவ டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அது இல்லை. புதுச்சேரி கருவடிக்குப்பத்திலிருந்து லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றுக்குச் செல்லும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அண்ணன் பயன்படுத்திய கணினிதான் அவளுக்குக் கிடைக்கிறது. புதிது வாங்க வீட்டில் பணம் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத விண்டோசில் தொடர்வதா, லினக்சுக்கு மாறுவதா என்பதே அவள்முன் உள்ள தேர்வு. லினக்சைத் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் அவளுக்கு நேர்வதைப் பொறுத்தே அந்த முடிவு அமையும்.

நிறைகள்

பாஸ் இலவசமானது, மூலநிரல் திறந்தது. லிப்ரே ஆபிஸ், இணைய உலாவி போன்றவை உடன் வருகின்றன. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைத் தொடக்கத்திலிருந்தே நோக்கமாகக் கொண்டது. அடித்தளமான டெபியன் நிலைத்தன்மைக்குப் பெயர்பெற்றது. ஆகவே குறை பெரும்பாலும் அடித்தளத்தில் இல்லை. பயனர் தொடும் மேல்பகுதியில்தான் உள்ளது.

தமிழ்த் தட்டச்சு

லினக்ஸ் பணிமேசைகளின் விசைப்பலகைப் பட்டியலில் தமிழுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன: தமிழ்நெட் 99, இன்ஸ்கிரிப்ட், இவற்றோடு டாப், டிஸ்கி என்ற பழைய குறியாக்கங்களுக்கானவையும். ஒருங்குறி பரவிய பிறகு இப்பழைய குறியாக்கங்கள் புதியவருக்குத் தேவையில்லை. தவறிப்போய் அவற்றைத் தேர்ந்தால் திரையில் தமிழ் வராது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் அ, ம, ம, ஆ என்று அடித்தால் ‘அம்மா’ வரவேண்டும். புள்ளி தானாக விழும். ஒரு விசைக்கு ஓர் எழுத்து என இயங்கும் எளிய விசைப்பலகை அமைப்பால் இதைச் செய்ய இயலாது. ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை வேண்டும். இவ்வேறுபாட்டைப் பட்டியல் சொல்வதில்லை. தமிழ்99 பழகியவர் பட்டியலில் அப்பெயரைத் தேர்ந்தும் புள்ளி விழாததால் கணினியையே குறை சொல்வார்.

தீர்வு எளிது. முதல் திரையில் “தமிழை எப்படி அடிப்பீர்கள்?” என்று கேட்டு, தமிழ்99, தட்டச்சுப்பொறி முறை, ஒலிபெயர்ப்பு முறை, இன்ஸ்கிரிப்ட் ஆகியவற்றைப் படத்துடன் காட்டலாம். அடித்துப் பார்க்க ஒரு பெட்டியும் தரலாம். பழைய குறியாக்கங்களை மேம்பட்ட அமைப்புகளுக்குள் தள்ளிவிடலாம்.

புதுச்சேரியில் பிரெஞ்சும் பாடமாகப் படிக்கப்படுகிறது. பிரெஞ்சு விசைப்பலகையில் ஏ, கியூ எழுத்துகள் இடம்மாறியிருக்கும். அது இயங்கும்போது ஆங்கிலக் கடவுச்சொல் பிழையாகிவிடும். நடப்பிலுள்ள விசைப்பலகையின் பெயர் கடவுச்சொல் பெட்டியின் அருகிலேயே தெரிய வேண்டும்.

மொழிபெயர்ப்பு

பணிமேசை, அலுவலகச் செயலி, உலாவி ஆகியவற்றை வெவ்வேறு குழுக்கள் தமிழாக்குகின்றன. ஒரே பொருளை ஓரிடத்தில் ‘கோப்புறை’ என்றும் வேறோரிடத்தில் ‘அடைவு’ என்றும் காண நேர்கிறது. பொதுச் சொற்பட்டியல் ஒன்று தேவை. வகுப்பில் ‘சேவ்’ என்று கேட்ட மாணவி ‘சேமி’ என்பதைக் கண்டு தயங்காதிருக்க, ஒரே சொடுக்கில் இரு மொழிக்கும் மாறும் வசதி உதவும். திருத்தங்களை மூலத் திட்டங்களுக்கே அனுப்பினால் உபுண்டு, மின்ட் பயனர்களும் பயன்பெறுவர். அடுத்த பதிப்பில் அவை தொலைந்துபோகவும் மாட்டா.

பழைய கோப்புகள்

பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பின் மீது வலச் சொடுக்கினால் ‘ஒருங்குறிக்கு மாற்று’ என்ற தெரிவு வருமானால், வீடுகளிலும் தட்டச்சு நிலையங்களிலும் பாசுக்கு மதிப்பு கூடும்.

நிறுவலும் இற்றைப்படுத்தலும்

நிறுவும்போது வட்டைப் பிரிக்கும் கட்டமே புதியவரை அச்சுறுத்துகிறது. “உங்கள் படங்களும் பாடக்குறிப்புகளும் அழியுமா, அழியாதா” என்பதை அத்திரை தெளிவான தமிழில் சொல்ல வேண்டும். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்ப்பது முதல் தெரிவாக முன்னிற்க வேண்டும். கைப்பேசித் தரவைப் பகிர்ந்து கணினியை இணைப்போருக்கு இற்றைப்படுத்தலின் அளவை முன்கூட்டியே காட்டுவதும், பென் டிரைவ் வழியாக இற்றைப்படுத்தும் வழியும் அவசியம்.

இயங்குதளம் மட்டும் போதாது

கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பள்ளிகளில் லினக்சைப் பாடத்தோடும் தேர்வோடும் பிணைத்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தந்தது. கணினியை மட்டும் கொடுத்து, பாடத்தையும் பயிற்சியையும் அதனோடு இணைக்காவிட்டால் பழக்கம் உருவாகாது.

உபுண்டுவும் மின்ட்டும் இருக்கையில் பாஸ் எதற்கு என்று கேட்போர் உண்டு. மேற்கண்ட தமிழ்த் தேவைகளை நிறைவேற்றாதவரை அக்கேள்வி நியாயமானதே. புதிய பதிப்பை வெளியிடுமுன் புதுச்சேரி, விழுப்புரம் போன்ற ஊர்களிலுள்ள கட்டற்ற மென்பொருள் குழுக்களின் துணையோடு, லினக்சையே பார்த்திராத மாணவர்களை அமர்த்திச் சோதிக்கலாம். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டால், அடுத்துத் திருத்த வேண்டியவற்றின் பட்டியல் அதிலேயே கிடைத்துவிடும்.