‘மணமானவர்’ என்ற கட்டம்

திருப்பூரைப் பற்றி வந்த ஆய்வுகளுக்குக் குறைவில்லை. பனியன் முதலாளிகள் எப்படி உருவானார்கள் என்று ஷரத் சாரி 2004இல் ஒரு தனி நூலே எழுதினார். திருமணத் தொகை காட்டி இளம்பெண்களை வேலைக்கு எடுத்த சுமங்கலித் திட்டம், சாயக்கழிவு, நொய்யல் ஆறு என்று மற்றவையும் நிறைய. ஓவர்லாக் மிஷினில் ஒருவர் எத்தனை மணி நேரம் உட்கார்கிறார் என்பது நமக்குத் தெரியும். யாரை நினைத்துக்கொண்டு உட்கார்கிறார் என்ற கேள்வியை நான் படித்தவற்றில் பார்த்ததில்லை.

அந்த ஆய்வுகளில் தொழிலாளர் விடுதிக் கட்டுப்பாடு பற்றிய பக்கங்களிலும் காவல் முழுக்க ஆண்களுக்கு எதிராகத்தான். ஆணும் பெண்ணும் நெருங்கினால் ஊரார் ‘பழக்கம்’ என்பார்கள். இரண்டு பெண்கள் நெருங்கினால் அது ‘சிநேகிதம்’. இந்தச் சொல் ஒரு பாதுகாப்பு. அதே சமயம் ஒரு மூடியும்கூட. பிள்ளை பெற்று, முப்பத்தைந்தைத் தாண்டிய ஒருத்திக்குப் பக்கத்து மிஷின்காரி மேல் வந்திருப்பது இன்னதென்று அவளுக்கே பிடிபடாமல் போக, அந்த மூடி போதும். கணவன் மேல் இருந்த ஆசையும் பொய்யில்லையே என்ற குழப்பம் வேறு.

அந்தக் குழப்பத்துக்கு அமெரிக்க உளவியலாளர் லிசா டயமண்டின் ஆய்வில் ஓரளவு விடை உண்டு. 79 பெண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார். இருபாலீர்ப்பு, வேறொன்றுக்குப் போகும் வழியில் வரும் நிறுத்தமல்ல, நிலைத்திருக்கும் இயல்பு என்றார். ஆனால் அவர்களெல்லாம் ஆய்வு தொடங்கியபோது இருபதையொட்டிய வயதினர். நம் தையல்காரி அந்தக் கூட்டத்தில் இல்லை.

தமிழில் இந்த இருபாலீர்ப்பைக் கதையாக்கிய துணிச்சல் கரிச்சான் குஞ்சுவுடையது. 1978இல் வந்த ‘பசித்த மானிடம்’ நாவலின் கணேசன் ஆண்களோடும் பெண்களோடும் வாழ்ந்தவன், பின்னாளில் தொழுநோயாளி. நோயைத் தண்டனையாகப் படிப்பது எளிது. எனக்கு அந்த வாசிப்பு பிடிக்கவில்லை. பெயரிடாமலே இரண்டு ஆசைகளையும் ஒரே உடம்பில் வைத்துக் காட்டியதுதான் அந்த நாவலின் பலம்.

பெயர்கள் நீதிமன்றம் வழியாக வந்தன. 2018 செப்டம்பர் 6இல் உச்சநீதிமன்றத்தில், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடி தளர்ந்தது. 2021இல் மதுரையிலிருந்து சென்னை வந்த, ஒருவரையொருவர் நேசித்த இரு பெண்களின் வழக்கில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே புரிதல் போதவில்லை என்று உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். நடுவயதில் கற்றுக்கொண்டதை ஒளிக்காமல் தீர்ப்பிலும் எழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022இல் தமிழக அரசு பால், பாலினச் சிறுபான்மையினரைக் குறிக்கும் கலைச்சொற்களை அரசிதழில் வெளியிட்டது. 2025 மே மாதம், தன் பெண் துணையிடமிருந்து பிரித்துப் பெற்றோர் அடைத்துவைத்த பெண்ணை விடுவித்த அதே உயர்நீதிமன்றம், தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பமே என்றது.

கவனித்தால், இந்த இரு உயர்நீதிமன்ற வழக்குகளில் வருபவர்கள் வீட்டைவிட்டு வந்த, அல்லது வரத் துடித்த இளையவர்கள். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, சனிக்கிழமை சம்பளத்தில் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறவளுக்கு வழக்கும் இல்லை, மனுவும் இல்லை. ஆய்வாளர் வந்தாலும் ‘மணமானவர்’ கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்வியான ஷிப்டுக்குப் போய்விடுவார்.