பந்தயக் குதிரையும் தர்மக் கணக்கும்

குதிரை வாங்கும்படி பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னைத் திருப்பெருந்துறையிலே ஆலயத் திருப்பணிக்குச் செலவிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிய வாதவூரரின் சரித்திரத்தை அறியாத சைவர் மதுரையிலும் இல்லை, யாழ்ப்பாணத்திலும் இல்லை. அரசனுடைய பேரேட்டில் அது கையாடல்; அடியார் பார்வையில் அது தர்மம். இக்காலத்திலோ விஷயம் தலைகீழாகிவிட்டது. தர்மத்துக்குப் பணம் வேண்டுமானால் முதலில் ஒரு குதிரையை வாங்கி ஓடவிடுங்கள் என்று யோசனை சொல்கிறார்கள்.

இந்த யோசனை இரண்டு கிளைகளாக வளர்ந்திருக்கிறது. ஒன்று, பந்தயத் திடலின் ஒரு நாளையே விலைக்கு விடுவது: விடியற்காலையில் குதிரைகள் பழக்க ஓட்டம் ஓடுவதைப் பார்க்கவும், லாயத்துக்குள் சென்று பயிற்சியாளரோடு உரையாடவும், ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வளையத்தினுள் ஜாக்கிகளோடு நிற்கவும், வென்றவருக்குத் தம் கையால் கோப்பை வழங்கவும் உள்ள உரிமைகளை ஒரு விருந்தில் ஏலம் போட்டு, சேர்ந்த தொகையை ஆஸ்பத்திரிக்கோ அநாதாசிரமத்துக்கோ அளிப்பது. மற்றொன்று, பத்துப் பேரோ ஐம்பது பேரோ சிண்டிகேட் எனப்படும் கூட்டுரிமைக் குழுவாகச் சேர்ந்து ஒரு குதிரையை வாங்கி, அது ஈட்டும் பரிசுப் பணத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே தர்ம ஸ்தாபனம் ஒன்றுக்கு எழுதிவைப்பது. இரண்டிலும் பந்தயம் கட்டித் தோற்பவனுக்கு இடமில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்; ஏனெனில் இதற்கு முன் குதிரையின் பெயரால் திரண்ட தர்மப் பணமெல்லாம் பெரும்பாலும் அவனுடைய சட்டைப் பையிலிருந்து வந்ததே.

ஆங்கிலேயர் தாம் சென்ற இடமெல்லாம் ஒரு மாதா கோயிலையும் ஒரு குதிரைப் பந்தயத் திடலையும் நிறுவினர். எதை முதலில் நிறுவினர் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கிண்டியில் 1777 முதல் குதிரைகள் ஓடின. சென்னைப் பந்தயக் கழகம் உருவானது 1896இல். கல்கத்தாக் கழகம் 1847இலேயே தோன்றி, இங்கிலாந்தில் எப்சம் மைதானத்தில் ஓடும் டெர்பி ஓட்டத்தின் முடிவை வைத்துக் கல்கத்தாவில் சீட்டு விற்று, அந்த ஸ்வீப் சீட்டுக்கு உலகப் பிரசித்தியைத் தேடிக்கொண்டது. வங்காளத்தில் சீட்டு, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் குதிரை! இந்தத் தந்திரத்தையே அயர்லாந்து 1930 முதல் தன் ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் சேர்க்கக் கையாண்டது. நோயாளியின் கட்டிலுக்கும் பந்தயக் குதிரையின் குளம்புக்கும் உலகறியச் சம்பந்தம் ஏற்பட்டது அதனால்தான்.

இலங்கையிலும் தொடக்கம் இதுபோன்றதே. காலிமுகத்திடலில் ஓடிய குதிரைகள் 1893இல் கறுவாத்தோட்டத்துப் புதிய திடலுக்கு இடம் பெயர்ந்தன. இரண்டாம் உலக யுத்தத்தில் அத்திடலை விமானத் தளமாக்கிவிட்டார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, குதிரைகள் ஓடிய அந்தப் புல்வெளியிலிருந்தே எதிர்த்துப் பறந்த போர் விமானங்கள் மேலெழுந்தன. யுத்தத்துக்குத் தப்பிய பந்தயம் தேர்தலுக்குத் தப்பவில்லை. 1956இல் பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்ததும் கொழும்புப் பந்தயம் முடிவுக்கு வந்தது. மலை மேலே நுவரெலியாவில் 1875இல் அமைந்த திடல் மட்டும் இடையே உறங்கிப் பின்னர் விழித்து, இன்றும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய வசந்த காலத்தில் ஆளுநர் கோப்பைக்காகக் குதிரைகளை ஓடவிடுகிறது.

ஆனால் குதிரையை அனுப்பிவைத்த இலங்கை, சீட்டை அனுப்பவில்லை. ஐம்பதுகளின் நடுவே ஆஸ்பத்திரிகளின் பெயராலேயே லொத்தர் தொடங்கியிருந்தது. 1963இல் தேசிய லொத்தர் சபை சட்டப்படியே நிறுவப்பட்டது. கடல் கடந்த நாடுகளின் குதிரைகள்மேல் பணம் வாங்கும் புக்கிகளின் கடைகளும் ஒழியவில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவற்றின்மேல் அரசாங்கம் தீர்வை விதித்தது. கண்ணால் காண முடிந்த குதிரை பாவம் என்று விலக்கப்பட்டு, காண முடியாத குதிரை வரி செலுத்தும் பிரஜையாயிற்று.

தமிழ்நாட்டிலே கோடு நேர்மாறாகக் கிழிக்கப்பட்டது. 1968இல் அண்ணாதுரையின் ஆட்சியில் அரசே தொடங்கிய பரிசுச் சீட்டு, எத்தனையோ ஏழைக் குடும்பங்களின் அன்றாடக் கூலியைக் கரைத்தபின், 2003இல் அடியோடு தடுக்கப்பட்டது. குதிரைப் பந்தயத்தையும் 1974இல் ஒழிக்கச் சட்டம் செய்தார்கள். 1986இல் கழகத்தையே அரசு கையகப்படுத்தவும் சட்டம் செய்தார்கள். எனினும் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரையின் வம்சத்தையும் பழக்கத்தையும் ஜாக்கியின் சாமர்த்தியத்தையும் ஆராய்ந்து கட்டப்படும் பந்தயம் வெறும் அதிர்ஷ்டமன்று, திறமையே என்று தீர்ப்பளித்து, கையகப்படுத்தும் சட்டத்தையும் செல்லாதென்றது. ஆக, இலங்கையிலே குதிரை போய்ச் சீட்டு நின்றது. தமிழ்நாட்டிலே சீட்டு போய்க் குதிரை நின்றது. நின்ற குதிரையின் இடத்துக்கும் பின்னர் ஆபத்து வந்தது என்பது வேறு கதை: 1945இல் தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்கென்று அறுநூற்றுச் சொச்சம் ரூபாய் வாடகையில் விடப்பட்டிருந்த ஏறத்தாழ 160 ஏக்கர் கிண்டி நிலத்தை, 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்துசெய்து மீட்டுக்கொள்ள அரசு முனைந்தது.

நீதிமன்றம் சொன்ன அந்தத் திறமை, தர்மத்துக்காகச் சீட்டு வாங்குகிறவனிடம் எதிர்பார்க்கப்படுவதில்லை. அவன் தர்மம் செய்வதாகத் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஆசைக்குப் பணம் கட்டுகிறான். ஆஸ்பத்திரி அவனுடைய ஏமாற்றத்தில் ஒரு பங்கைப் பெறுகிறது. கூட்டுரிமைக் குழுவில் சேருகிறவனோ, மாதந்தோறும் தீவனம், லாடம், மருத்துவம், பயிற்சிக் கூலி என்று வரும் பில்லில் தன் பங்கைச் செலுத்தியே ஆக வேண்டும். குதிரை நொண்டினாலும் செலுத்த வேண்டும். பெரும்பாலான குதிரைகள் தம் தீவனச் செலவையே சம்பாதிப்பதில்லை என்பது லாயத்தில் யாவரும் அறிந்த ரகசியம். ஆகவே பரிசுப் பணத்தை மட்டும் நம்பித் தர்மம் செய்ய நினைப்பது, பூக்காத மரத்தின் கனியை ஏலம் விடுவது போன்றது. பங்கு சேரும்போதே ஒரு நிச்சயத் தொகையை ஸ்தாபனத்துக்குச் செலுத்திவிட்டுக் குதிரையின் வெற்றியை உபரியாகக் கருதுவதே யோக்கியமான ஏற்பாடென்பது என் அபிப்பிராயம்.

இந்த ஏற்பாடு இந்தியாவுக்கு ஏற்றது. இலங்கைக்கு அவ்வளவாக ஏற்காது. மும்பை மகாலட்சுமி, புனே, பெங்களூர், ஹைதராபாத், கல்கத்தா என்று மாறி மாறிப் பருவங்கள் வரும் தேசத்தில் ஒரு குதிரை வருஷத்தில் பலமுறை ஓடலாம். ஐம்பது பங்காளிகளுக்கும் ஆளுக்கொரு நாளாவது வளையத்துக்குள் நிற்கும் பெருமை கிட்டும். நுவரெலியாவிலே பெரிய ஓட்டங்கள் வசந்த காலத்தோடு முடிந்துவிடுகின்றன; குதிரைகளும் சில; அவற்றிலும் பல இந்தியாவிலிருந்து கடல் கடந்து வருபவை. அங்கே பங்காளியாகிறவன் ஏறக்குறைய வருஷம் முழுவதும் ஒரு குதிரைக்குப் புல் வாங்கிப் போடுவதையே அநுபவமாகக் கொள்ள வேண்டியிருக்கும்.

அதற்குப் பதிலாக நுவரெலியாவுக்கு இயற்கை கொடுத்த சொத்து வேறு. ஆறாயிரம் அடி உயரத்துக் குளிர், தேயிலை மலைகள், பூங்கொத்துப் போன்ற தொப்பிகளோடு வரும் கொழும்புச் சீமாட்டிகள், திடலின் மறுபுறம் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கும் சாதாரண ஜனங்கள்: இப்படியொரு நாளை விலைக்கு விடுவது எளிது, வாங்குகிறவர்களும் மகிழ்ச்சியோடு வாங்குவார்கள். திரளும் பணம் எங்கே போக வேண்டும் என்பதுதான் கேள்வி. அந்த மலைகளிலே கொழுந்து பறிக்கும் தோட்டத் தொழிலாளர் லயன்களுக்கு ஒரு மருந்தகமோ பள்ளிக்கூடமோ கண்முன்னே தேவைப்படும்போது, கோப்பை வழங்கும் மேடையில் தலைநகரத்து ஸ்தாபனம் ஒன்றின் பெயரை மட்டும் வாசித்துவிட்டு மலையிறங்குவது எனக்குச் சம்மதமில்லை.

இந்தியக் குதிரைகள் செய்யும் வேறொரு தர்மமும் உண்டு. அதை யாரும் ஏலம் விடுவதில்லை. புனேயிலே பந்தயக் குதிரை வளர்த்துவந்த பூனாவாலா குடும்பத்தார், ஓட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகளைப் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்துக்குக் கொடுத்துவந்தார்கள். அங்கே அக்குதிரைகளின் இரத்தத்திலிருந்து விஷமுறி மருந்துக்கான சீரம் எடுக்கப்பட்டது. இதை நாமே செய்யலாகாதா என்று சைரஸ் பூனாவாலா யோசித்ததன் விளைவே 1966இல் தோன்றிய சீரம் இன்ஸ்டிட்யூட். இன்று இலங்கை ஆஸ்பத்திரிகளில் பாம்புக்கடிக்கு ஏற்றப்படும் மருந்தும் இந்தியக் குதிரைகளின் இரத்தத்தில் விளைந்ததே. அதற்கு வேண்டிய விஷத்தை வடநெம்மேலியிலே இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்புகளிடமிருந்து கறந்து கொடுக்கிறார்கள். ஆயினும் அம்மருந்து இந்தியப் பாம்புகளை உத்தேசித்துச் செய்யப்பட்டது. இலங்கை வயல்களிலும் தோட்டங்களிலும் மிகுதியாகக் கடிக்கும் மூக்கு நிமிர்ந்த குட்டை விரியனுக்கு அது பலிப்பதில்லை.

நுவரெலியாப் பந்தயத்தாருக்குத் தகுந்த தர்ம காரியம் ஒன்றைத் தேடுவோர் இதனைக் கருதலாம். சொந்த மண்ணின் பாம்புகளுக்குச் சொந்த மருந்து செய்வதானால், ஆராய்ச்சிசாலைக்கு அடுத்தபடி வேண்டுவன நல்ல லாயமும், குளிர்ந்த மேய்ச்சலும், தேகபலமுள்ள குதிரைகளுமே. ஓடி ஓய்ந்த குதிரையை என்ன செய்வதென்று தெரியாமல் விற்றுத் தொலைக்கும் வழக்கத்துக்கும் அது ஒரு மாற்றாகும். ஏலத்தில் வந்த பணத்தில் விருந்துச் செலவைக் கழித்த பிறகு மிஞ்சுவது எவ்வளவு, அந்த மிச்சத்தில் குதிரையின் முதுமைக்கு ஒதுக்குவது எவ்வளவு, ஆராய்ச்சிக்குச் செல்வது எவ்வளவு என்ற மூன்று தொகைகளையும் அடுத்த சித்திரைக்கு முன் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுத் திடலின் வாயிலிலே ஒட்டிவைக்க அவர்கள் இணங்கினால், மறுவருஷ ஏலத்துக்கு நானும் ஒரு சிறு தொகையோடு வரத் தயார்.