ஓமக்குளம் எந்தப் பட்டியலில்?

ஊர் வழிகாட்டிப் புத்தகமும் ஓர் இலக்கியப் பிரதிதான். எதைப் பார்க்கணும் என்று சொல்லும்போதே எதைப் பார்க்க வேண்டாம் என்பதையும் அது சொல்லிவிடுகிறது. சிதம்பரத்தை எடுத்துக்கொள்வோம். பொன் வேய்ந்த சிற்றம்பலம், நான்கு கோபுரங்கள், 108 கரணச் சிற்பங்கள், கோவிந்தராசர் சன்னதி, தில்லைக்காளி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பக்கத்தில் பிச்சாவரம். பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் போகும். நடுவிலே நந்தனாருக்கு ஒரு வரி: தாழ்ந்த குலத்தில் பிறந்தும் இறைவனோடு கலந்தார்.

இந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது? 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்திலிருந்து. அவர் ஆதனூர்ப் புலைப்பாடியை நன்றாகவே பார்த்திருக்கிறார். காய்கிற தோலும், நாய்க்குட்டியும், கோழிக்குஞ்சும், இரும்புக் காப்புப் போட்ட கறுத்த பிள்ளைகளும் அவர் பாட்டில் இருக்கிறார்கள். கோயில் முழவுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவர் நந்தனார். அவர் கொடுத்த தோல் கருவறை வரைக்கும் கேட்கும்படி உள்ளே முழங்கியது. கொடுத்த மனுசன் வெளியே நின்றான்.

திருப்புன்கூரில் அவருக்காக நந்தி விலகியது. தில்லையிலோ கல் நந்தி விலகின அளவுக்குக்கூட மதில் விலகவில்லை. தெற்கு மதிலுக்கு வெளியே, வாயிலுக்கு முன்னால் தீ மூட்டினார்கள். அதற்குள் புகுந்து, பூணூல் மார்போடு முனிவராக எழுந்த பிறகுதான் உள்ளே போனார். நிதானமாக வாசித்தால் கதை சொல்வது இதுதான்: புலையர் உள்ளே போகவே இல்லை. புலையர் எரிந்தார், வேறொருவர் போனார். இதைப் போய் சமத்துவத்துக்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கதைக்குள் பிராமணப் பண்ணையார் ஒருவரைக் கொண்டுவந்தார். சேக்கிழாரிடம் இந்த ஆள் கிடையாது. பண்ணையடிமைத்தனம் மேடையேறியது அந்த நூலின் பலம், மறுப்பதற்கில்லை. ஆனால் நாற்பது வேலியையும் ஒரே ராத்திரியில் விளைவித்தது சிவனின் பூதகணங்களாம். சேற்றில் கிடந்த நம்ம சனங்களின் உழைப்பு அதிலும் காணாமல் போச்சு.

தீ மூட்டிய இடம் ஓமக்குளம் என்பது ஊர்வழக்கு. அங்கேதான் சுவாமி சகஜானந்தா (1890–1959) 1916இல் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் தொடங்கினார். எரித்ததாகச் சொல்லப்படும் இடத்தில் எழுத்துப் பலகையைக் கொண்டுவந்து வைத்தார். திருப்புன்கூர் சாமியின் பெயரிலேயே அங்கே ஒரு சிவலோகநாதர் கோயிலும் எழுப்பினார். நந்தி விலகிய சாமியை நம்ம தெருவுக்கே கூட்டிவந்துவிட்டார். பக்தியை அவர் விடவில்லை. ஆனால் தீக்குளிச்சுத்தான் தகுதி வரும் என்ற நிபந்தனையை ஏற்கவில்லை. படிப்பதற்குத் தீ வேண்டியதில்லை, பூணூலும் வேண்டியதில்லை.

வருசங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பள்ளிக்கூடம் 1929இல் வந்த பல்கலைக்கழகத்தைவிடப் பதின்மூன்று வருசம் மூத்தது. 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டத்தைவிட முப்பத்தொரு வருசம் மூத்தது. பல்கலைக்கழகம் பார்க்க வேண்டிய இடமாம், இது ஆகாதாம். சேரிப் பிள்ளைகள் மூன்று தலைமுறையாகப் படித்து ஏறிய படி, வெளியூர்க்காரன் கண்ணுக்கு எட்டாமலே கிடக்கிறது.

கோபுரத்தைப் பார்க்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதைக் கட்டக் கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அதில் பாத்தியதை உண்டு. கேட்பது வேறு. ‘கலந்தார்’ என்ற வினைச்சொல்லை எடுத்துவிட்டு ‘தடுக்கப்பட்டார்’ என்று எழுதுங்கள். தடுத்தவர் யார் என்று எழுவாயையும் போடுங்கள். அடுத்த வரியிலே ஓமக்குளத்துக்கு வழி எழுதுங்கள். எழுத அவர்களுக்குக் கை வரவில்லையென்றால், நம்ம ஊர்களின் வழிகாட்டிகளை நாமே எழுதுவோம்.